டப்பாவில் விழும் தூசும் மூச்சில் போகும் தூசும்

என் அப்பா தோட்டத்து ஆபீஸில் வேலை பார்த்தார். காலையில் ஆபீஸ் கதவைத் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை மழை அளப்பது. முற்றத்தில், கம்பி வேலிக்குள், புனல் வைத்த செம்பு டப்பா ஒன்று நிற்கும். புனலில் ஒட்டிக் கிடக்கும் டர்பன்டைன் இலையை விரலால் எடுத்துப் போடுவார். உள்ளே இருக்கும் போத்தலைத் தூக்கி, தண்ணீரை அளவு கீறிய கண்ணாடிக் குழாயில் ஊற்றுவார். அப்புறம் முழங்காலை மடக்கி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து வாசிப்பார். நின்றபடி மேலிருந்து பார்த்தால் எண் தப்பிவிடும் என்பார். ஊற்றி முடித்த போத்தலின் அடியில் சில நாள் கறுப்பும் பழுப்புமாக மெல்லிய வண்டல் படிந்திருக்கும். அதைக் கழுவிக் கொட்டிவிடுவார். மழைக் கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பத்தி கிடையாது.

இந்தக் கட்டுரை அந்த வண்டலைப் பற்றியது.

நான் இப்போது ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மின்சாரப் பாடம் வந்தால் எங்கள் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். லக்ஸபான, காசல்ரீ, மவுசாக்கலை, தலவாக்கலையில் 150 மெகாவோட் தரும் மேல் கொத்மலை என்று நீர்மின்சாரம் எடுக்கும் இடங்கள் எல்லாமே அவர்கள் பார்த்து வளர்ந்தவை. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றும்போது பெரிய பாரத்தைத் தாங்குவது புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டில் இருக்கும் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம். தலா 300 மெகாவோட்டில் மூன்று அலகுகள், மொத்தம் 900 மெகாவோட். முதல் அலகு 2011இல் ஓடத் தொடங்கியது, மற்ற இரண்டும் 2014இல் சேர்ந்தன. இலங்கையில் இருக்கும் ஒரே நிலக்கரி மின்நிலையம் அதுதான். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், அங்க எரிக்கிற கரியோட தூசு நம்ம ஊருக்கும் வருமா?"

நல்ல கேள்வி. ஆனால் ஆம், இல்லை என்று சட்டென்று சொல்ல முடியாது. தூசு என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு வேறு சாமான்களைப் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்று கீழே விழுகிற தூசு. வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் படியும், காயப்போட்ட துணியைக் கறுப்பாக்கும், விரலால் தடவினால் ஒட்டும். மற்றது விழாமல் மிதந்து மூச்சோடு உள்ளே போகிற தூசு. அதைக் கண்ணால் தனித்தனியாகப் பார்க்க முடியாது. இரண்டையும் அளக்கும் கருவி வேறு, எழுதும் அலகு வேறு, செய்யும் கெடுதியும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் ஒரு மின்நிலையத்தைச் சுற்றி எடுத்த எந்த அளவீட்டையும் வாசிக்கலாம்.

காற்றே சல்லடை

தேயிலை ஸ்டோரில் சலிக்கிற இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது லேசாகப் புரியும். காய்ந்த தூள் சல்லடையில் ஆடி ஆடிப் போகும்போது பி.ஓ.பி. ஒரு பக்கம், பி.ஓ.பி.எஃப். ஒரு பக்கம், டஸ்ட் ஒரு பக்கம் என்று தேயிலைத் தரங்கள் பிரியும். சாமான் ஒரே தேயிலைதான், தரத்தைத் தீர்மானிப்பது துணிக்கையின் பருமன். காற்றில் இருக்கும் தூசையும் முதலில் பருமனால்தான் பிரிக்கிறார்கள். இங்கே சல்லடை வேலையைக் காற்றே செய்கிறது: பெரியதைச் சீக்கிரம் கீழே போட்டுவிடும், சிறியதைச் சுமந்துகொண்டு போகும்.

அளவுகோல் மைக்ரோமீற்றர். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாக வெட்டினால் ஒரு துண்டு. தலைமுடி ஒன்றின் தடிப்பு சுமார் 50 முதல் 70 மைக்ரோமீற்றர். 100 மைக்ரோமீற்றர் பருமனுள்ள தூசு அசையாத காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் வேகத்தில் இறங்கும். 10 மைக்ரோமீற்றர் தூசு செக்கனுக்கு 3 மில்லிமீற்றர்தான் இறங்கும். 2.5 மைக்ரோமீற்றர் என்றால் 0.2 மில்லிமீற்றர், அதாவது ஒரு நாள் முழுக்க இறங்கினாலும் 17 மீற்றர்தான்.

சரி, இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். 10 மீற்றர் உயரக் கரிக் குவியலின் உச்சியிலிருந்து 100 மைக்ரோமீற்றர் தூசு ஒன்று கிளம்புகிறது. தரையைத் தொட 40 செக்கன் ஆகும். காற்று செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் அடித்தால் அது 200 மீற்றர் தள்ளிப் போய் விழும். அவ்வளவுதான் அதன் பயணம். இனி 150 மீற்றர் உயரப் புகைபோக்கி ஒன்றிலிருந்து 10 மைக்ரோமீற்றர் துணிக்கை கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். இறங்க 14 மணித்தியாலம் ஆகும். அதே காற்றில் அது 250 கிலோமீற்றர் போயிருக்கும். 2.5 மைக்ரோமீற்றர் துணிக்கைக்கு இந்தக் கணக்கைப் போட்டால் எட்டு நாளுக்கு மேல் வரும். உண்மையான காற்று இப்படி அமைதியாக நேர்கோட்டில் ஓடாது. வெயிலில் கிளம்பி மேலும் கீழும் கலங்கும், மழை வந்தால் தூசைக் கழுவி இறக்கும். ஆகவே இந்தத் தூரங்களை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் ஒன்று பக்கத்து வளவோடு நின்றுவிடுகிறது, மற்றது மாகாணம் தாண்டுகிறது என்ற வித்தியாசம் கணக்கில் பளிச்சென்று தெரிகிறது.

மின்நிலையத்தில் தூசு எங்கிருந்து வருகிறது

வெளியே இருந்து பார்த்தால் உயரமான புகைபோக்கிதான் கண்ணில் படும், எல்லாப் பழியும் அதன் தலையில் விழும். நிலக்கரி நிலையத்தில் தூசு கிளம்பும் இடங்கள் மூன்று.

முதலாவது கரி முற்றம். நுரைச்சோலைக்கு வரும் கரி முழுவதும் கப்பலில் வருவது. தென்மேற்குப் பருவக் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தக் கடல் கொந்தளிக்கும், கரி இறக்க முடியாது. அதனால் ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் வரையான காலத்தில் இறக்கிக் குவித்து, மிச்ச மாதங்களுக்கு அதை வைத்து ஓட்டுகிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. குவியல் காத்துக் கிடக்கும் அந்த மாதங்களில்தான் கடலிலிருந்து தரைப் பக்கம் பலமான காற்று அடிக்கிறது. கரித்தூசு கறுப்பு, கரடுமுரடு, பருமன் கூடியது, தாழ்வான இடத்திலிருந்து கிளம்புவது. ஆகவே பக்கத்திலேயே விழும். தண்ணீர் தெளிப்பது, காற்றுத் தடுப்பு வேலி கட்டுவது, குவியலை இறுக்கி வைப்பது எல்லாம் இதை அடக்கச் செய்யும் வேலைகள்.

இரண்டாவது சாம்பல். கரி எரிந்த பின் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி மாவு போல மென்மையானது, புகையோடு மேலே பறக்கப் பார்க்கும். அதைப் பிடிக்கப் புகை போகும் வழியில் உயர் மின்னழுத்தம் ஏற்றிய தகடுகளைத் தொங்கவிடுகிறார்கள். ரப்பர் சீப்பால் தலை வாரிவிட்டுக் காகிதத் துண்டுக்குப் பக்கத்தில் பிடித்தால் ஒட்டிக்கொள்ளுமே, அந்த வித்தைதான். ஏற்றம் பெற்ற சாம்பல் தகட்டில் ஒட்டும். தகட்டைத் தட்டினால் கீழே விழும், அள்ளி எடுக்கலாம். நன்றாகப் பராமரித்தால் நூற்றுக்கு 99க்கு மேல் பிடித்துவிடும். அப்படிப் பிடித்த சாம்பல் சீமெந்தில் கலக்கப் போகிறது. ஏற்றும்போதும் கொட்டும்போதும் மூடி வைக்காவிட்டால் சாம்பல் நிறத் தூசு பறக்கும்.

மூன்றாவதுதான் புகைபோக்கி. அங்கே தப்பிப் போகும் சாம்பல் மிக நுண்ணியது. அதைவிட நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வது வாயுக்களைப் பற்றி. கரியில் இருக்கும் கந்தகம் எரிந்து கந்தகவீரொட்சைட்டாக வெளியேறும், கூடவே நைதரசன் ஒட்சைட்டுகளும் போகும். வெளியேறும்போது இவை தூசு அல்ல. காற்றில் மணிக்கணக்காக, சில வேளை நாட்கணக்காக மிதந்து, ஈரத்தோடும் வெயிலோடும் சேர்ந்து சல்பேற்று, நைத்திரேற்று என்ற நுண்துகளாக மாறும். புகைபோக்கியில் எவ்வளவு நல்ல தூசுப் பொறி வைத்தாலும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் பொறியைத் தாண்டும்போது அது தூசாக இருக்கவில்லை. இதற்குக் கந்தகத்தையே தனியாகக் கழுவி எடுக்க வேண்டும்.

விழும் தூசை அளப்பது

இப்போது அப்பாவின் டப்பாவுக்கு வருவோம். விழும் தூசை அளக்கும் கருவி, அச்சு அசல் மழைமானியின் தம்பி. ஒரு புனல் அல்லது அகன்ற வாய்ப் பாத்திரம், அதற்குக் கீழே ஒரு பெரிய போத்தல், இரண்டையும் தாங்க ஏறத்தாழ 2 மீற்றர் உயரத்தில் ஒரு தாங்கி. கீழே வைத்தால் மழைத்துளி தெறித்து மண் உள்ளே போகும், அதனால்தான் அந்த உயரம். மரத்தடி, கூரை ஓரம், ஓட்டமான ரோட்டு ஓரம் கூடாது. காகம் வந்து குந்தாமலிருக்க வாய்க்கு மேலே ஒரு கம்பி வளையம். பாசி பிடிக்காமலிருக்கப் போத்தலுக்குள் கொஞ்சம் மயில்துத்தம். பிறகு 30 நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். மழைமானியைப் போலத் தினமும் பார்க்க இதில் ஒன்றும் இல்லை, ஒரு நாளில் விழுவது நிறுக்க முடியாத அளவு சொற்பம்.

மாதம் முடிந்ததும் ஆய்வுகூடத்தில் என்ன நடக்கிறது? முதலில் 1 மில்லிமீற்றர் சல்லடையில் ஊற்றி இலை, சருகு, பூச்சி எல்லாவற்றையும் நீக்குகிறார்கள். மிச்சத்தை, முன்கூட்டியே நிறுத்து வைத்த வடிதாளில் வடிக்கிறார்கள். அதை 105 பாகை செல்சியஸ் அளவில் உலர்த்தி மறுபடி நிறுக்கிறார்கள். கூடின எடைதான் தூசு.

ஒரு உதாரணம். புனலின் வாய் 15 சென்ரிமீற்றர் விட்டம். பரப்பளவு 0.0177 சதுர மீற்றர். 30 நாளில் 53 மில்லிகிராம் தூசு சேர்ந்திருக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு மூன்று அரிசியின் எடை. 53ஐ 0.0177ஆல் வகுத்தால் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 3000 மில்லிகிராம். அதை 30 நாளால் வகுத்தால் நாளொன்றுக்குச் சதுர மீற்றருக்கு 100 மில்லிகிராம். இந்த அலகில்தான் எல்லா அறிக்கையும் வரும். மழையைப் பரப்போடு சேர்த்து மில்லிமீற்றரில் சொல்வது போலத்தான் இதுவும். டப்பா பெரிதோ சிறிதோ, எண்ணை ஒப்பிட முடிய வேண்டும்.

100 என்பது கூடவா குறைவா? ஜேர்மனியில் ஆண்டுச் சராசரி எல்லை 350. தென்னாபிரிக்காவில் 2013ஆம் ஆண்டு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்கு 600. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மாதத்துக்குச் சதுர மீற்றருக்கு 4 கிராம் என்று எழுதுவார்கள். அதை நாட்கணக்குக்கு மாற்றினால் 130 சொச்சம். நாட்டுக்கு நாடு இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், இந்த எல்லைகள் பெரும்பாலும் தொல்லையை வைத்துப் போட்டவை: துணி அழுக்காகிறதா, சன்னல் கறுக்கிறதா, சனம் முறைப்பாடு செய்கிறதா என்று. உடம்புக்கு வரும் கெடுதியை இந்த எண் நேராகச் சொல்லாது.

எடையோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அது என்ன தூசு, யாருடைய தூசு என்று தெரிய வேண்டாமா? உலர்ந்த வண்டலை உலையில் வைத்து 800 பாகைக்கு மேல் சூடாக்குகிறார்கள். கரித்தூசு எரிந்து போய்விடும். மண்ணும் சாம்பலும் எரியாமல் மிஞ்சும். முன்னால் 53 மில்லிகிராம், பின்னால் 33 என்றால், எரிந்த பங்கு 20. இங்கே அவசரப்பட்டு 20உம் நிலக்கரி என்று எழுதிவிடக் கூடாது. மகரந்தம், பூச்சியின் சிறகு, இலைத் துணுக்கு, அடுப்புக் கரி எல்லாமே எரியும் பக்கத்தில்தான் சேரும். அதனால் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். நிலக்கரித் துணிக்கை உடைந்த கண்ணாடி மாதிரி முனை முனையாகக் கறுப்பாக இருக்கும். மின்நிலையச் சாம்பலோ அழகான உருண்டை. தீயின் சூட்டில் உருகி, பறக்கும்போதே துளியாகி, அப்படியே இறுகிப் போனது அது. சில உருண்டை உள்ளே வெறுமையாகவும் இருக்கும். மண் துணிக்கைக்கு இந்த உருண்டை வடிவம் வராது. எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். நிறை சொல்லாததை வடிவம் சொல்லிவிடுகிறது.

எங்கள் மலையில் டப்பா வைத்தால்

அந்தக் கேள்விக்குப் பிறகு வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் மூன்று டப்பா வைத்தோம். ஒன்று பாடசாலை மைதான ஓரம், ஒன்று கோயில் பக்கம், ஒன்று தேயிலை ஸ்டோருக்குச் சற்றுத் தள்ளி. புத்தகத்தில் இல்லாத பாடம் ஒன்று அந்த மாதமே கிடைத்தது. நாங்கள் வைத்தது ஜூன் மாதம். 15 சென்ரிமீற்றர் புனலில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 17.7 மில்லிலீற்றர் தண்ணீர். 400 மில்லிமீற்றர் பெய்தால் 7 லீற்றர். எங்கள் போத்தல் 5 லீற்றர். நிரம்பி வழிந்து, மேலே மிதந்த மெல்லிய தூசு முழுக்க வெளியே போய்விட்டது. உலர் வலயமான புத்தளம் பக்கம் மாதத்துக்கு 100 மில்லிமீற்றர் பெய்தாலும் 1.8 லீற்றர்தான். அங்கே அதே போத்தல் தாராளமாகப் போதும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் வரை பெய்கிற மலையில் போத்தலைப் பெரிதாக்க வேண்டும், அல்லது நடுவில் மாற்ற வேண்டும். மாற்றினால் இரண்டு போத்தல் வண்டலையும் சேர்த்து நிறுக்க வேண்டும்.

இன்னொரு டப்பாவில் வளையத்தையும் மீறிக் காகம் எச்சமிட்டிருந்தது. பிள்ளைகள் அதை மட்டும் எடுத்துவிட்டு நிறுக்கலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கெட்ட மாதிரியைக் கெட்டது என்று எழுதி அந்த மாதத்தை வெறுமையாக விடுவதுதான் சரி. அறிக்கைகளில் சில மாதங்களுக்கு எண் இல்லாமல் கோடு போட்டிருப்பதைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டாம். பல வேளை அது நேர்மையின் அடையாளம். எந்தக் கோளாறும் இல்லாமல் எல்லா மாதமும் நிறைந்திருக்கும் அட்டவணையைத்தான் நான் இரண்டாம் தரம் பார்ப்பேன்.

மூச்சில் போகும் தூசை அளப்பது

மிதக்கும் தூசு டப்பாவில் விழாது, ஆகவே காத்திருந்து பயனில்லை. காற்றை நாமே இழுத்து வடிக்க வேண்டும். ஒரு பம்ப், ஒரு வடிதாள், ஒரு நேரக் கணிப்பு. 24 மணித்தியாலம் ஓடவிட்டு, தாளின் எடை எவ்வளவு கூடியது என்று பார்த்து, இழுத்த காற்றின் கனவளவால் வகுத்தால் ஒரு கன மீற்றர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று வரும்.

பெரிய தூசும் தாளில் வந்து ஒட்டினால் கணக்குக் கெடுமே என்று கேட்கலாம். அதற்குக் கருவியின் வாயில் ஒரு தந்திரம் இருக்கிறது. ரம்பொடை மலைப்பாதை வளைவுகளில் லொறியும் மோட்டார் சைக்கிளும் ஒரே வேகத்தில் திரும்பினால் என்ன ஆகும்? பாரமான லொறி வளைய முடியாமல் நேராகப் போய் மதிலில் மோதும், சைக்கிள் வளைந்து போய்விடும். கருவியின் வாயில் காற்றைச் சட்டென்று ஒரு வளைவில் திருப்புகிறார்கள். பருமனான தூசு திரும்ப முடியாமல் தகட்டில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சிறியது காற்றோடு வளைந்து வடிதாளுக்குப் போகும். 10 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்டதைத் தள்ளிவிட்டால் அந்த அளவீட்டுக்குப் பி.எம். 10 என்று பெயர், 2.5க்கு மேற்பட்டதைத் தள்ளிவிட்டால் பி.எம். 2.5. இந்த இரண்டாவது வகை நுரையீரலின் அடி ஆழத்தில் உள்ள சிற்றறைகள் வரை போகும், அதிலும் நுண்ணியது இரத்தத்தில் கலக்கும். இதயத்துக்கும் மூளைக்கும் கெடுதி வரும் வழி அது.

பரவலாகப் பயன்படும் ஒரு வகைக் கருவி நிமிடத்துக்கு 16.7 லீற்றர் காற்று இழுக்கும். நாளுக்கு 24 கன மீற்றர். இலங்கையில் 2008இல் வர்த்தமானியில் வந்த விதிப்படி, பி.எம். 2.5க்கு 24 மணித்தியால எல்லை 50 மைக்ரோகிராம். சரியாக அந்த எல்லையில் இருக்கும் காற்றை ஒரு நாள் இழுத்தால் தாளில் கூடும் எடை 1.2 மில்லிகிராம். ஒரு அரிசியில் பதினைந்தில் ஒரு பங்குகூட வராது! தாள் கொஞ்சம் ஈரம் குடித்தாலே இதைவிட எடை கூடிவிடும். அதனால்தான் ஒரே வெப்பநிலையும் ஒரே ஈரப்பதனும் உள்ள அறையில் தாளை ஒரு நாள் வைத்துவிட்டு, பிறகு மிக நுண்ணிய தராசில் நிறுக்கிறார்கள்.

அந்த விதியின் மற்ற எண்களையும் சொல்லிவிடுகிறேன். பி.எம். 2.5க்கு ஆண்டுச் சராசரி 25. பி.எம். 10க்கு ஒரு நாளுக்கு 100, ஆண்டுக்கு 50. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் பரிந்துரையை இறுக்கியது: பி.எம். 2.5க்கு ஒரு நாளுக்கு 15, ஆண்டுக்கு 5. ஒரு அறிக்கையில் "எல்லைக்குள் இருக்கிறது" என்று வந்தால் எந்த எல்லை என்று கேட்க வேண்டியது இதனால்தான். பி.எம். 2.5க்கு ஒரு நாளுக்கு 40 என்ற எண் நம் நாட்டு விதிக்குள் அடங்கும், ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நாள் அளவைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். கீழே விழும் தூசு நம் விதியின் பட்டியலிலேயே இல்லை. நுண்துகள்களும் கந்தகவீரொட்சைட்டு முதலிய வாயுக்களும்தான் அதில் இருக்கின்றன.

இப்போது கையடக்க உணரிகளும் வந்துவிட்டன. உள்ளே சின்ன லேசர். துணிக்கை பட்டுச் சிதறும் ஒளியை எண்ணித் திரையில் உடனே எண் காட்டும். விலை குறைவு, பாடசாலைக்கும் வாங்கலாம். ஆனால் மலைநாட்டவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஒருநாள் விடியற்காலை ஒன்றை வீட்டு இஸ்தோப்பில் வைத்தேன். எதிர் மலை தெரியாத பனிமூட்டம். எண் மூன்று இலக்கத்தைத் தாண்டி ஏறியது. பயந்துவிட்டேன். எட்டரை மணிக்கு வெயில் வந்து மூட்டம் கலைந்ததும் மளமளவென்று இறங்கியது. லேசருக்கு நீர்த்துளியும் தூசும் ஒன்றுதான், இரண்டும் ஒளியைச் சிதறடிக்கும். போதாததற்குச் சில துகள்கள் ஈரம் குடித்து ஊதிப் பெரிதாகவும் தெரியும். நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ பனிக் காலையில் இந்த எண்ணைப் படம் பிடித்துப் பகிர்வதற்கு முன் ஈரப்பதனையும் பார்க்க வேண்டும். ஈரப்பதன் நூற்றுக்கு 80க்கு மேல் என்றால் அந்த எண்ணை நம்புவது கஷ்டம்.

பிறகு அதே உணரியை அடுப்படிக்குக் கொண்டுபோனேன். அங்கே மூட்டம் இல்லை, ஈர விறகுதான் எரிந்தது. எண் மறுபடி ஏறியது. இந்த முறை நம்ப வேண்டியிருந்தது. என் அம்மா லயத்துக் காம்பராவில், சன்னல் இல்லாத அடுப்படியில் குனிந்து ஊதி ஊதிச் சமைத்தவர். விடியற்காலை இருமல் அவருக்குக் கடைசி வரை இருந்தது. விறகுப் புகையில் பெரும்பகுதி 2.5 மைக்ரோமீற்றருக்குக் கீழ். சுவரில் படிந்த கரியை வருடத்துக்கு ஒருதரம் சுண்ணாம்பு பூசி மறைத்தோம். மூச்சில் போனதை அளக்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

எங்கே வைப்பது, யாரோடு ஒப்பிடுவது

கருவியை விட இடம் முக்கியம். மின்நிலையத்துக்குக் காற்று வரும் பக்கம் ஒன்று, காற்று போகும் பக்கம் ஒன்று என்று குறைந்தது இரண்டு இடமாவது வேண்டும். உதாரணத்துக்கு, போகும் பக்கத்து டப்பாவின் கணக்கு நாளுக்குச் சதுர மீற்றருக்கு 180 மில்லிகிராம். தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியும். வரும் பக்கத்து டப்பாவில் 150 இருந்தால்? அந்த 150 மணல், ரோட்டுப் புழுதி, கடல் உப்பு எல்லாம் சேர்ந்தது. நிலையத்தின் பங்கு மிச்சம் 30தான். வரும் பக்கத்தில் 40 மட்டும் என்றால் கதை வேறு. ஒரே 180, இரண்டு தீர்ப்பு.

அதோடு காற்று மாறும். தென்மேற்குக் காற்றில் வரும் பக்கமாக இருந்த இடம் வடகிழக்குப் பருவத்தில் போகும் பக்கமாகிவிடும். ஆகவே ஒரு வருடம் முழுக்க அளந்து, பக்கத்தில் காற்றுத் திசைமானியும் வைத்து, மாதம் மாதமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலையம் கட்டுவதற்கு முன்பே ஒரு வருடம் அளந்து வைத்திருந்தால் அதைவிட நல்ல ஒப்பீடு இல்லை.

மாணவியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். நுரைச்சோலையிலிருந்து ஹட்டன் நேர்கோட்டில் ஏறத்தாழ 160 கிலோமீற்றர், தென்கிழக்காக. கரி முற்றத்தின் கறுப்புத் தூசு இவ்வளவு தூரம் வராது, அதன் பயணம் நூற்றுக்கணக்கான மீற்றரோடும் சில கிலோமீற்றரோடும் முடிந்துவிடும். நுண்துகள் வரக்கூடியதுதான். ஆனால் தென்மேற்குக் காற்று அதை அநுராதபுரப் பக்கம் தள்ளும், வடகிழக்குக் காற்று கடலுக்குள் தள்ளும். இங்கே வர வடமேற்குக் காற்று வேண்டும், அது நமக்குப் பிரதான காற்று அல்ல. வந்தாலும் மற்ற எல்லாப் புகையோடும் கலந்து நீர்த்துத்தான் வரும். 2022 டிசம்பரில் நாடு முழுக்க வானம் மங்கிக் கிடந்ததே, அது வடக்கிலிருந்து, இந்தியப் பக்கமிருந்து வந்த நுண்துகள். அப்போது எண்களைச் சொன்னது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். நமக்கு மண்சரிவு எச்சரிக்கை தருகிற அதே நிறுவனம் காற்றையும் அளக்கிறது என்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. ஆகவே ஹட்டனில் ஒரு கருவி வைத்தால் அதில் முதலில் பேசப் போவது நம் அடுப்பும் நம் பஸ்களும்தான் என்பது என் கணிப்பு.

ஓகஸ்டில் மழை கொஞ்சம் விட்டதும் டப்பாக்களை மறுபடி வைத்தோம். இந்த முறை பெரிய போத்தல். வடித்து, உலர்த்தி, ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்தபோது அந்த மாணவிதான் முதலில் குனிந்தாள். ஸ்டோர்ப் பக்கத்து டப்பா அது. முனை முனையான கறுப்புத் துணிக்கையையும் உருண்டையையும் தேடினாள், இரண்டும் இல்லை. விறகுக் கரியின் பஞ்சு போன்ற துணுக்குகளும், அவற்றுக்கு நடுவே பொன்னிறத்தில் மெல்லிய மயிர் மயிராக எதுவோ கிடந்தன. கொழுந்தின் முனையில் இருக்கும் பூனைமுடி, தேயிலை சலிக்கும்போது பறப்பது. எங்களிடம் 800 பாகை உலை இல்லை. ஆனாலும் அட்டவணையில் எரிவது, எரியாதது என்று இரண்டு பத்தி கீறி வைத்திருந்தோம். அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"சேர், இது எரியிற பக்கம்தானே? ஆனா கரி இல்லன்னு பக்கத்துல எழுதட்டுமா?"

எழுதச் சொன்னேன்.